திரும்பாத வளையம்

கல் வெட்டி முடித்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். கீரனூருக்கு மேற்கே ஒரு பள்ளத்தில் மட்டும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், இரும்பு கத்தியது.

குவாரிக்காரர்கள் எடுத்ததெல்லாம் போக, மூன்று பக்கமும் பனை உயரத்துக்குப் பாறைச் சுவர் மிச்சம் நின்றது. உள்ளே சுட்ட குண்டு வெளியே போக வழி கிடையாது. அதற்காகவே செலின் மேடம் அந்த இடத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். நாலாவது பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டார், ஆறு பெஞ்சு போட்டார், ஏர் ரைபிள் கிளப் என்று ஒரு போர்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்கள் வந்து தட்டு சுட்டார்கள்.

தட்டு என்றால் இரும்புத் தட்டு. நடுவில் நெல்லிக்காய் அளவு ஓட்டை. ஓட்டைக்குள் குண்டு போனால் தட்டு டக்கென்று மல்லாந்து படுத்துக்கொள்ளும். ஓரத்தில் பட்டால் ணங் என்று கத்திவிட்டு அப்படியே நிற்கும். படுத்த தட்டைப் பெஞ்சிலிருந்தே கயிறு இழுத்து எழுப்பிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இருபது மீட்டரில் தட்டு. தேறியவர்களுக்கு முப்பது, ஐம்பது.

செலின் மேடத்துக்கு முப்பத்தெட்டு வயது. அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. விசில் மட்டும் ஊதுவார். ஒரு விசில் என்றால் சுடலாம். இரண்டு விசில் என்றால் துப்பாக்கியைக் கீழே வைக்கணும். உயிருள்ள எதையும் பார்த்துக் குழாய் திரும்பினால் அன்றோடு கிளப்பை விட்டு அனுப்பிவிடுவார். ஒருமுறை மைனாவைக் குறி பார்த்த ஒரு கான்ட்ராக்டர் மகனை, விசில்கூட ஊதாமல், கையைக் காட்டி வாசல் வழியை மட்டும் காண்பித்தார் என்று சொல்லுவார்கள்.

கொட்டகைச் சுவரில் ஒரு போட்டோ தொங்கியது. இரட்டைச் சடை போட்ட இரண்டு பெண்கள், ஆளுக்கொரு துப்பாக்கியோடு. ஒருத்தி கழுத்தில் மெடல்.

சேர்ந்த புதிதில் திருமாறன் கேட்டிருக்கிறான்.

"இதுல நீங்க யாரு மேடம்?"

"மெடல் இல்லாதவ."

"அப்ப இது?"

"என் தங்கச்சி. ரோஸி."

சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் போனார்.

இந்தத் திருமாறன் நிலம் அளக்கிற சர்வேயர். மேடத்தைவிட நாலு வயது மூத்தவன். கீரனூர் சுற்று வட்டாரத்தில் வேலித் தகராறு என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, கண்ணாடி வழியாகப் பார்த்து, "ஒன் நிலம் இந்தக் கல்லோட சரி" என்று சொன்னான் என்றால் அப்பீல் கிடையாது.

அவனும் ஜபருல்லாவும் ஒரே நாளில் கிளப்பில் சேர்ந்தவர்கள். ஜபருல்லாவுக்குக் கடைத்தெருவில் டயர் கடை. எட்டாம் வகுப்பில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, இப்போது ஒரே பைக். போகும்போது அவன் ஓட்டினால் வரும்போது இவன் ஓட்டுவான். மாமா, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு, நிஜமாகவே உறவுக்காரர்கள் என்று நினைத்தவர்கள் உண்டு.

அந்தச் சிநேகத்துக்குள் ஒரு துப்பாக்கி வந்தது.

கிளப்பில் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆவணியில், சென்னை வியாபாரி ஒருவர் மூலமாக வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்குப் பட்டியல் போகும். பத்துத் தட்டில் எட்டை விழுத்தியவர்கள் பெயரைத்தான் மேடம் எழுதுவார். போன ஆவணியில் ஜபருல்லா எட்டு விழுத்தினான். திருமாறன் ஆறு.

பட்டியல் போய், கப்பல் ஏறி, கஸ்டம்ஸில் தூங்கி, வைகாசியில் ஜபருல்லாவின் துப்பாக்கி வந்து சேர்ந்தது. பிசிபி என்பார்கள். பழைய ஸ்பிரிங் துப்பாக்கி மாதிரி ஒவ்வொரு குண்டுக்கும் மடக்கி மடக்கி முறுக்க வேண்டாம். குழாய்க்கு அடியில் இருக்கிற உருளையில் காற்றை முன்கூட்டியே அடைத்துவிட்டால் முப்பது நாற்பது குண்டு அலுங்காமல் போகும்.

"கார் டயருக்கு முப்பது அடிப்போம் மாப்ள, இதுக்கு மூவாயிரம்!" என்றான் ஜபருல்லா, குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்டி. "ஆனா சத்தம் பாரு. சுடுற மாதிரியே இல்ல. மூச்சு விடுற மாதிரி இருக்கு."

புளியங்கொட்டை நிறத்தில் கட்டை. மேலே ஒரு ஸ்கோப், குறி பார்க்கிற தொலைநோக்கி, கறுப்பாக, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி. கிளப்பே கூடி நின்று பார்த்தது. திருமாறனும் பார்த்தான். "நல்லா இருக்கு மாமா" என்றான்.

பொறாமை வந்தவனுக்கும் பல்வலி வந்தவனுக்கும் ஒரே குணம். நாக்கு அங்கேயேதான் போகும். அந்த வாரம் முழுக்க வயல் வயலாக அளந்துகொண்டிருந்த திருமாறனுக்கு நாக்கு போன இடமெல்லாம் அந்தப் புளியங்கொட்டைக் கட்டைதான். டயருக்குக் காற்றடிக்கிறவனுக்கு எதற்கு அது? கண்ணாடி வழியாகப் பார்த்தே சோறு தின்கிறவன் நான் இருக்கும்போது, அந்தக் கண்ணாடி அவன் கண்ணுக்கா?

ஆடி பிறந்தது. ஜபருல்லா ஐம்பது மீட்டர் தட்டுக்குப் போய்விட்டான். திருமாறன் இருபதிலேயே உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் ஒருநாள் மேடத்திடம் போய் நின்றான்.

"மேடம், இந்த ஆவணிக்கு நானும் பேர் குடுக்கணும்."

"குடுங்க."

"எந்தத் துப்பாக்கி வாங்கட்டும்? எந்த ஸ்கோப்பு?"

மேடம் இரும்பு அலமாரியைத் திறந்தார். கிளப்புக்குச் சொந்தமான இரண்டு பிசிபி துப்பாக்கிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று பிளாஸ்டிக் கட்டை, குட்டையானது. இன்னொன்று மரக்கட்டை, நீளமானது. பக்கத்தில் மூன்று ஸ்கோப்புகளை வரிசையாக வைத்தார்.

இரண்டு ஸ்கோப்புகள் புதுசு. மூன்றாவது பழசு. முன்பக்கம் இருக்கிற வளையத்தைச் சுற்றி மஞ்சளாக ஏதோ உறைந்து கல்லாகிக் கிடந்தது.

திருமாறன் அந்தப் பழசை எடுத்து வளையத்தைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை.

"இது என்ன மேடம், பஞ்சர் ஒட்டின மாதிரி இருக்கு?"

"நம்ம கடையில ஒட்டல மாப்ள!" என்று பின்னாலிருந்து ஜபருல்லா சத்தம் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"திரும்பாது" என்றார் மேடம். "இருபதுலேயே நிக்கும்."

"அப்ப இதை வச்சு என்ன செய்யறது? பேப்பருக்கு வெயிட்டா வைக்கலாம்." அதை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

மேடம் அதை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் திரும்ப வைத்தார்.

"பட்டியல் போக இன்னும் மூணு ஞாயிறு இருக்கு. ஞாயிறுக்கு ஒரு துப்பாக்கி எடுத்துச் சுடுங்க. எது உங்களுக்கு எட்டு விழுத்துதோ, அதையே எழுதிடறேன்."

"எட்டு விழலன்னா?"

"அடுத்த ஆவணி."

புது ஸ்கோப் ஒன்றைக் குட்டைத் துப்பாக்கியில் பூட்டிக் கொடுத்தார். வளையத்தைத் தொட்டுக் காட்டினார். அதில் பத்து, இருபது, முப்பது, ஐம்பது என்று எண்கள் வெட்டியிருந்தன.

"தட்டு எத்தனை மீட்டரோ, வளையம் அந்த நம்பர்ல இருக்கணும். உங்களுக்கு இருபது. இருபதுல வச்சா தட்டு துல்லியமாத் தெரியும். அப்புறம் தொடாதீங்க. நம்பர் மாறினா படம் மங்கும், கண்ணு கொஞ்சம் அசைஞ்சாலும் குறி வேற எடத்துக்குப் போயிரும்."

"மேடம்," என்று சிரித்தான் திருமாறன், "இருபது வருஷமா கண்ணாடி வழியாப் பாத்துத்தான் எங்க வீட்டுல ஒல கொதிக்குது."

"தெரியும் சர்வேயர். சொல்லணும்ல, சொன்னேன்."

முதல் ஞாயிறு. திருமாறன் வளையத்தை இருபதில் வைத்தான். தட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. முதல் குண்டு, டக். இரண்டாவது, டக். மூன்றாவது, டக். குண்டு ஒவ்வொன்றும் அவன் நினைத்த இடத்துக்குச் சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி போனது.

அப்போது அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம். ஐம்பது மீட்டரில் ஜபருல்லாவின் தட்டு படுத்தது.

திருமாறன் குண்டு போடாத துப்பாக்கியை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தி, ஸ்கோப் வழியாகப் பார்த்தான். ஜபருல்லா கயிறு இழுத்துத் தட்டை எழுப்பினான். தட்டின் முகத்தில் ஓட்டையைச் சுற்றி ஈயப் பொட்டுகள். அதிகம் இல்லை. பெரும்பாலும் ஓட்டைக்குள்ளேயே போயிருக்கின்றன. ஒவ்வொரு பொட்டும் பளிச்சென்று தெரிந்தது.

'தட்டு சாயுது, சாய வைக்கிறது துப்பாக்கி. இவன் என்ன செய்யறான்? வெறும் விரலை மடக்கறான்.'

துப்பாக்கியைத் திருப்பித் தன் தட்டைப் பார்த்தான். ஓட்டை எங்கே, ஓரம் எங்கே என்று பிரியவில்லை. பனி மூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுட்டான். ணங். இன்னொன்று. ணங்.

பத்தில் ஐந்து. அடுத்த சுற்றிலும் ஐந்து.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேடம் வந்தார். அவன் வைத்த துப்பாக்கியை எடுத்தார், எதையும் திருகாமல் ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். மார்க்கு போடுகிறார் என்று நினைத்துக்கொண்டான் திருமாறன்.

"ஸ்கோப்பு சரியில்ல மேடம். நடுவுல மங்குது."

"தெளிவாத்தான் இருக்கு."

"எங்க தெளிவு? என் தட்டே தெரியல."

மேடம் அவனை ஒருமுறை பார்த்தார். "அடுத்த ஞாயிறு வேற ஸ்கோப்பு தர்றேன்" என்றார்.

திரும்பும் வழியில் பைக்கை ஜபருல்லா ஓட்டினான். காற்றில் கத்திக் கத்திப் பேசினான்.

"ஐம்பது மீட்டருல ஏழு விழுந்துச்சு மாப்ள! நீ பாத்தியா?"

"இல்ல" என்றான் திருமாறன். "என் தட்டப் பாக்கவே நேரம் சரியா இருந்துச்சு."

இரண்டாம் ஞாயிறு நீளத் துப்பாக்கி, இன்னொரு ஸ்கோப். ஆரம்பத்தில் நாலு தட்டு வரிசையாகப் படுத்தது. பக்கத்து பெஞ்சுக் காலேஜ் பையன் "சர்வேயர் சார் இன்னிக்கு ஃபார்ம்ல இருக்காரு" என்றான். திருமாறனின் மீசை துடித்தது.

அந்தக் கோடியில் டக்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே துப்பாக்கியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். ஜபருல்லா துப்பாக்கியின் கட்டையைக் கன்னத்தில் வைத்திருந்தான். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டவன் முகம் மாதிரி இருந்தது அவன் முகம். ஸ்கோப் வழியாக அவன் தட்டைப் பார்த்தான். மறுபடி டக். எவ்வளவு தெளிவாகச் சாய்கிறது!

தன் தட்டுக்கு வந்தான். மூட்டம்.

ஆறு. அடுத்த சுற்றில் ஐந்து. அதற்கடுத்ததில் நாலு.

மேடம் ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார், நோட்டில் எழுதினார்.

"இதுவும் அதே மாதிரிதான் மேடம். நல்லாத்தான் ஆரம்பிக்குது, போகப் போகப் புகை போட்ட மாதிரி ஆகுது. கிளப்பு ஸ்கோப்பெல்லாம் ஈரம் குடிச்சிருக்கு."

"இருக்கலாம்."

"பாய் ஸ்கோப்புல அப்படி ஆகறதில்ல."

"ஆகறதில்லதான்" என்றார் மேடம்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்று திரும்பும்போது திருமாறன் பைக்கில் ஏறவில்லை.

"வா மாப்ள, ஒன் முறைதான், நீ ஓட்டு."

"எனக்கு வேற ஜோலி இருக்கு. நீ போ."

"என்ன ஜோலி? ஞாயித்துக்கெழமை எவன் நிலத்த அளக்கப் போற?"

"போன்னா போயேன்!"

ஜபருல்லா இரண்டாவது ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு போனான். திருமாறன் மூன்று கிலோமீட்டர் நடந்து மினி பஸ் ஏறினான். நடந்த மூன்று கிலோமீட்டரும் பல் வலித்தது.

கடைசி ஞாயிறு. சாயங்காலம் பட்டியல் போகிறது.

திருமாறன் கொட்டகைக்குள் வந்ததும் மேடத்திடம் சொன்னான். "எனக்கு பாய் துப்பாக்கியக் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அதுல எட்டு விழலன்னா நான் கிளப்புக்கே வரல."

"அது அவர் துப்பாக்கி. அவர்கிட்டக் கேளுங்க."

கேட்க வாய் வரவில்லை. அதற்குள் காதில் விழுந்துவிட்டது ஜபருல்லாவுக்கு.

"இதுக்கா மாப்ள மேடத்துகிட்டப் போற? இந்தா." துப்பாக்கியைத் திருமாறனின் பெஞ்சில் கிடத்தினான். "காத்து ஃபுல்லா அடிச்சிருக்கேன். விசை ரொம்ப லேசு, பூவத் தொடற மாதிரித் தொடு."

"நீ எதுல சுடுவ?"

"கிளப்போட ஸ்பிரிங் துப்பாக்கி கெடக்குல்ல. ரொம்ப நாளாச்சு அதத் தொட்டு." சொல்லிவிட்டு, ஸ்கோப்பே இல்லாத அந்தக் கிழட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, முப்பது மீட்டர் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

திருமாறன் புளியங்கொட்டைக் கட்டையைக் கன்னத்தில் வைத்தான். மூன்று மாதமாக நாக்கு போன இடத்துக்கு இன்று கன்னமே போய்விட்டது. வளையத்தை இருபதில் வைத்தான். தட்டு, ஓட்டை, ஓட்டையின் ஓரத்துத் துரு எல்லாம் தெரிந்தது. இதுதான் கண்ணாடி! நான் சொன்னேனே!

விசில்.

டக். டக். டக். டக். டக்.

ஐந்துக்கு ஐந்து. காலேஜ் பையன் எழுந்து நின்று பார்த்தான். இன்னும் மூன்று விழுந்தால் பட்டியலில் பெயர். அடுத்த வைகாசியில் இதே மாதிரி ஒன்று, இதைவிட ஒரு படி மேலாகவே ஒன்று.

ணங்!

முப்பது மீட்டரிலிருந்து சத்தம். கூடவே ஒரு சிரிப்பு. ஜபருல்லா சிரிக்கிறான்.

"பாத்தியாடா, கெழவன் எட்டி ஒதைக்கிறான்!" என்று காலேஜ் பையனிடம் சொல்லிக்கொண்டே ஸ்பிரிங்கை மடக்கினான். மறுபடி சுட்டான். ணங். மறுபடி சிரிப்பு. தோளைத் தேய்த்துக்கொண்டான். தட்டு ஒன்றுகூடச் சாயவில்லை, அவனுக்குக் குறையும் ஒன்றும் தெரியவில்லை.

திருமாறனுக்குள் என்னவோ எரிந்தது. நல்ல துப்பாக்கி என் கையில் இருக்கு. ஓட்டைத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு இவன் எப்படிச் சிரிக்கிறான்? தட்டே விழலன்னாலும் எப்படிச் சிரிக்கிறான்?

குழாய் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. முப்பது மீட்டர் தட்டைப் பார்த்தான். அடுத்த குண்டுக்கு அது சாய்ந்தது. ஸ்பிரிங் துப்பாக்கியில், வெறுங்கண்ணில்! "ஆஹா!" என்று ஜபருல்லா போட்ட சத்தத்தில் பாறைச் சுவரே இரண்டு தரம் ஆஹா என்றது.

திருமாறன் தன் தட்டுக்குத் திரும்பினான்.

மூட்டம்.

நம்ப முடியவில்லை. கண்ணைக் கசக்கினான். சுட்டான். ணங். மூச்சைப் பிடித்து மறுபடி சுட்டான். டக். ஆறு. அடுத்தது, டக். ஏழு. ஒன்பதாவது, ணங். பத்தாவதுக்கு முன்னால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். புகைக்குள் ஓட்டை இருக்கிற இடத்தை யோசித்து, யோசித்த இடத்தில் சுட்டான்.

ணங்.

இரண்டு விசில்.

திருமாறன் எழுந்தான். துப்பாக்கியை வைத்த வேகத்தில் பெஞ்சு ஆடியது.

"என்னடா செஞ்ச இத?"

"எத மாப்ள?"

"ஸ்கோப்ப என்ன செஞ்சன்னு கேக்கறேன்! எனக்குக் குடுக்கறதுக்கு முன்னால எதையோ திருகிட்டுத்தான் குடுத்திருக்க. நான் எட்டு விழுத்திடுவேன்னு பயம் ஒனக்கு. ஒன்னத் தெரியாதா எனக்கு?"

ஜபருல்லாவின் முகத்திலிருந்த சிரிப்பு போன வழி தெரியவில்லை.

மேடம் நடந்து வந்தார். துப்பாக்கியைத் தொடவில்லை.

"சர்வேயர், அந்த வளையத்துல என்ன நம்பர்?"

"இருபது" என்றான் திருமாறன், அதைப் பார்க்காமலே.

"படிங்க."

குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"என்ன நம்பர்?"

"முப்பது."

"உங்க தட்டு?"

"இருபது."

"முப்பதுல யார் தட்டு?"

மேடம் யாரைக் கேட்கிறார் என்று புரியாமல் ஜபருல்லாதான் சொன்னான், "அது நான் சுட்ட தட்டுங்க மேடம்."

"நான் தொடவே இல்ல" என்றான் திருமாறன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தன் இடது கையைப் பார்த்தான். இருபது வருஷமாக எந்தக் கல்லைப் பார்த்தாலும் அந்தக் கல்லுக்குக் கண்ணாடியைத் திருகிக்கொடுத்த கை.

மேடம் சின்ன நோட்டை எடுத்து அவன் முன்னால் விரித்து வைத்தார். முதல் ஞாயிறு தேதி. அதன் கீழே ஐம்பது, ஐம்பது. இரண்டாம் ஞாயிறு. ஐம்பது, ஐம்பது, ஐம்பது.

"மார்க்குன்னு நெனச்சேன்" என்றான்.

"மார்க்கு நீங்களே எண்ணிக்கிட்டிருந்தீங்களே."

மேடம் வளையத்தை இருபதுக்குத் திருப்பினார். பாருங்க என்று தலையை அசைத்தார். திருமாறன் குனிந்து பார்த்தான். ஓட்டையின் ஓரத்துத் துரு தெரிந்தது. பத்தாவது குண்டு பட்ட இடமும் தெரிந்தது. ஓட்டைக்கு அரை விரல் கடை தள்ளி.

கொட்டகையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பையைக் கட்டினார்கள். ஜபருல்லா வந்து தன் துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டான். ஜிப்பை இழுத்து மூடினான். போகப் புறப்பட்டவன் நின்றான்.

"நான் வண்டிகிட்ட நிக்கறேன் மாப்ள."

திருமாறன் தலையைத் தூக்கவில்லை. தகரத்துக்கு வெளியே, வெயிலில், பைக்கின் கண்ணாடிக் கம்பியில் இரண்டு ஹெல்மெட் தொங்குவது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

குனிந்தபடியே கேட்டான்.

"பட்டியல்?"

"போயிரும்."

"அப்ப நான் எதத்தான் வாங்கறது மேடம்?"

மேடம் அலமாரியைத் திறந்தார். துணியைப் பிரித்து அந்தப் பழைய ஸ்கோப்பை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"அடுத்த ஆவணி வரைக்கும் இதப் பூட்டிச் சுடுங்க."

திருமாறன் வாங்கிக்கொண்டான். வளையத்தின் மேல் உறைந்திருந்த மஞ்சள் கட்டியைக் கட்டைவிரலால் தடவினான். வெளியே பார்த்துப் பிடித்தான். முப்பது மீட்டர் தட்டும் ஐம்பது மீட்டர் தட்டும் வெறும் கறையாகத் தெரிந்தன. இருபதில் தன் தட்டு மட்டும் துரு தெரிய நின்றது. கண்ணாடி நல்ல கண்ணாடி. புதுசு இரண்டையும்விட நல்ல கண்ணாடி.

"இது செய்யும்போதே இப்படியா மேடம்?"

"இல்ல. நல்லாத் திரும்பிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் பசை போட்டு ஒட்டினது."

"இவ்வளவு நல்ல கண்ணாடிய யாரு இப்படிப் பண்ணினது?"

"நான்தான்."

திருமாறன் நிமிர்ந்து பார்த்தான். மேடம் கயிற்றை இழுத்து, படுத்துக் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் மேடம்?"

கடைசித் தட்டும் எழுந்து நின்றது. மேடம் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"அப்ப பக்கத்து பெஞ்சுல ரோஸி சுட்டுக்கிட்டிருந்தா."